கிளிக்குத் தண்ணீர் மாற்றினீர்களா?

வீட்டில் கிளி வளர்க்கும் சகோதரிகளிடம், "கிளிக்குத் தண்ணீர் வைத்தீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "கிண்ணம் நிறைய இருக்கிறதே!" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். கிண்ணம் நிறைய இருப்பது உண்மைதான். நேற்றும் நிறைய இருந்தது. முந்தாநாளும் நிறைய இருந்தது. அப்படியானால் அது எந்த நாளையத் தண்ணீர்?

கிளி குடிக்கும் அளவு மிகவும் சொற்பம். நமது ஊர்ப் பச்சைக்கிளியின் எடை ஏறக்குறைய 120 கிராம். கூட்டில் வாழும் கிளி நாளொன்றுக்குத் தன் எடையில் இருபதில் ஒரு பங்களவு தண்ணீர் அருந்தும் என்று வைத்துக்கொண்டால், அது 6 மில்லிலீற்றர்தான். தேநீருக்குச் சீனி போடும் கரண்டியால் ஒன்றேகால் கரண்டிகூட இல்லை. லவ் பேர்ட்ஸ் என்று நாம் அழைக்கும் சின்னக் கிளிகளுக்கு 2 மில்லிலீற்றர்கூடத் தேவைப்படாது. கொய்யாவோ பப்பாசியோ தின்ற நாளில் இதுவும் குறைந்துவிடும். தானியம் தீர்ந்தால் நம் கண்ணுக்குத் தெரிகிறது, உடனே போடுகிறோம். தண்ணீர் தீர்வதே இல்லை. ஆகவே அதை மாற்ற வேண்டும் என்ற எண்ணமும் வருவதில்லை. சற்றுக் குறைந்திருந்தால் மேலே கொஞ்சம் ஊற்றி நிரப்பிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுகிறோம்.

அந்தக் கிண்ணத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கிளி தின்றுகொண்டிருக்கும்போதே தண்ணீரில் அலகை நனைக்கும். அலகில் ஒட்டிய பழச்சதை, தானியத் தூள், உமி எல்லாம் அதில் இறங்கிவிடும். சில கிளிகளுக்கு உணவை நனைத்துத் தின்பதிலே தனி விருப்பம். தேநீரில் விசுக்கோத்துத் தோய்த்துத் தின்னும் நமது பழக்கம் அவற்றுக்கும் உண்டு போலும்! கிண்ணத்துக்கு நேர்மேலே கிளி அமரும் தடி இருந்துவிட்டாலோ எச்சமும் அதிலேதான் விழும். நமது நாட்டு வெப்பம் வேறு. வசதியான சூழலில் சில பக்டீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு மடங்காகும். இந்தக் கணக்கின்படி ஒன்றாக இருந்தது எட்டு மணித்தியாலத்தில் ஒரு கோடியே அறுபது இலட்சத்தைத் தாண்டிவிடும். இது ஆய்வுகூடக் கணக்கு. கிளிக்கூட்டில் இத்தனை வேகம் இராது. ஆனாலும் காலையில் வைத்த தண்ணீரும் மாலையில் இருக்கும் தண்ணீரும் ஒன்றல்ல என்பதைப் புரிந்துகொள்ள இது போதும். தண்ணீர் தெளிவாகத் தெரிகிறதே என்று நினைக்கவேண்டாம். கலங்கிய பிறகு கெட்டது என்று அறிவதற்கு அது பால் அல்ல.

காட்டுக்கிளிக்கு இந்தத் தொல்லை இல்லை. ஒரு குட்டை பிடிக்காவிட்டால் மற்றொன்றுக்குப் பறந்துவிடும். அதுவும் இல்லையென்றால் இலையில் தங்கிய பனித்துளி இருக்கிறது. கூட்டுக்கிளிக்கு நாம் வைத்த கிண்ணம் ஒன்றுதான். பூனையைக் கட்டிவைத்து, தீனியும் தண்ணீரும் கொடாமல், தானாகத் தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. மத்ரஸாவில் ஓதும் நமது பிள்ளைகளுக்கும் அது தெரியும். அங்கே பொறுப்பு தொடங்குவது அடைத்துவைத்த இடத்திலிருந்து என்பதைக் கவனியுங்கள்.

இன்னொரு சங்கதியும் உண்டு. கிளி தன் நோயைக் காட்டாது. காட்டில் சோர்ந்து தெரியும் பறவையைத்தான் பருந்து முதலில் குறிவைக்கும். அதனால் முடிந்தவரை சுகமாக இருப்பதுபோலவே நடிப்பது அதன் சுபாவம். இறகை உப்பிக்கொண்டு கூட்டின் தரையில் வந்து உட்காரும்போது நோய் முற்றிப் பல நாட்கள் ஆகியிருக்கும். "நேற்று வரைக்கும் நன்றாகக் கதைத்துக்கொண்டிருந்ததே!" என்று வீட்டிலுள்ளவர்கள் வியப்பது இதனால்தான்.

சரி, தினமும் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றினால் போதுமா? போதாது. கிண்ணத்தின் உட்புறத்தில் விரலால் ஒரு தடவை தடவிப் பாருங்கள். வழுவழுவென்று ஒரு படலம் தட்டுப்படும். அதுதான் கிருமிகளின் குடியிருப்பு. தாமே சுரந்த பசைக்குள் அவை ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீரை அலசி ஊற்றினால் போகாது, தேய்த்தால்தான் போகும். ஈரமான பாத்திரங்களிலே விரும்பி வளரும் சூடோமோனாஸ் என்ற பக்டீரியா இத்தகைய படலத்தில் நன்றாகத் தங்கும். அது பறவைக்குத் தொற்றிவிட்டால் மருந்துக்கு எளிதில் மசியாத வகையைச் சேர்ந்தது. ஆகவே தினமும் சவர்க்காரம் போட்டு, அதற்கென்றே வைத்த தும்பினால் உட்புறம், விளிம்பு, மூலை எல்லாம் தேய்த்துக் கழுவுங்கள். நுரை போக அலசிக் காயவையுங்கள். இரண்டு கிண்ணங்கள் வைத்துக்கொண்டால் ஒன்று கூட்டிலும் மற்றது வெயிலிலும் இருக்கும், வேலை இலேசு.

வாரம் ஒருமுறை சில்வர் கிண்ணத்தைக் கொதிநீரில் போட்டு எடுத்தால் நல்லது. வீட்டில் பாவிக்கும் குளோரின் வெளிற்றுத் திரவத்தில், ஒரு லீற்றர் தண்ணீருக்கு 30 மில்லிலீற்றர் கலந்து, முன்பே கழுவிய கிண்ணத்தைப் பத்து நிமிடம் ஊறவைத்து, வாடை போகும்வரை அலசியும் வைக்கலாம். அழுக்கோடு ஊறவைத்தால் குளோரின் அழுக்கிலேயே செலவாகிவிடும். வினாகிரியையோ தேசிக்காய்ப் புளியையோ இதனுடன் ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சு வாயு எழும்பும். பறவைக்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து. கிளியின் எச்சம் காய்ந்து தூளாகி மூச்சோடு போனால் மனிதருக்கும் கிளிக்காய்ச்சல் வரக்கூடும். ஆதலால் சமையல் பாத்திரம் கழுவும் இடத்தில் கிளிக் கிண்ணத்தைக் கழுவாமல் வெளியே கழுவுவதும், பிறகு கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுவதும் அவசியம்.

தேய்ப்பதற்கு வேறு ஒரு காரணமும் உண்டு. 2017ஆம் ஆண்டில் நமது நாட்டில் 186,000க்கும் அதிகமானோர் டெங்குச் சந்தேகத்துடன் பதிவானதை மறந்திருக்கமாட்டீர்கள். அந்த நுளம்பு பாத்திரத்தின் சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலேதான் முட்டையிடும். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை ஒட்டிக்கொண்டே இருக்கும். காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். திரும்பத் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். கிளி செத்துப்போன பிறகு கொல்லைப்புறத்தில் வீசிய பழைய கூட்டையும் அதிலுள்ள கிண்ணத்தையும் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

எந்தத் தண்ணீரைக் கொடுப்பது? உங்கள் கைக்குழந்தைக்கு எதைக் கொடுப்பீர்களோ அதையே கொடுங்கள் என்பதுதான் நான் சொல்லும் சுருக்கமான விடை. நீர் வழங்கல் சபையின் குழாய்நீரில் குளோரின் இருக்கிறதே, கிளிக்கு ஆகுமா என்று பலர் பயப்படுகிறார்கள். குடிநீரில் இருக்கும் அந்தச் சிறு அளவு கிளிக்குக் கெடுதல் செய்வதாக இல்லை. குழாய் வழியில் கிருமி சேராமல் காப்பது அதுதான். கிண்ணத்துக்குள் உமியும் எச்சமும் விழுந்ததும் அந்தக் காவல் தீர்ந்துபோகிறது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இராமுழுதும் குழாயில் தேங்கிய முதல் தண்ணீரைச் சற்று ஓடவிட்டுப் பிடியுங்கள். அந்தத் தண்ணீர் பூச்செடிக்கு ஆகும். மேல் தாங்கியைக் கடைசியாகக் கழுவியது எப்போது என்றும் யோசித்துப் பாருங்கள்.

கிணற்றுநீர் பாவிக்கும் வீடுகளில் கொதித்தாறிய நீரே நல்லது. மலசலகூடக் குழியும் கிணறும் ஒரே வளவுக்குள் நெருங்கி இருக்கும் ஊர்களில் இதில் விட்டுக்கொடுப்பே கூடாது. நன்றாகப் பொங்கி ஒரு நிமிடம் கொதித்தால் நோய்க்கிருமிகள் அழியும். ஆனால் கொதிக்கவைப்பதால் எல்லாம் சரியாகிவிடாது. அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் புளோரைட்டும் கடினத்தன்மையும் அதிகம். கற்பிட்டியிலும் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் தோட்டங்களுக்குப் போடும் உரத்தின் நைத்திரேற்று நிலத்தடி நீரில் இறங்கியிருக்கிறது. கரையோரக் கிணறுகள் சில உவர்ப்பானவை. புளோரைட்டும் நைத்திரேற்றும் உப்பும் கொதித்தால் குறைவதில்லை. தண்ணீர் ஆவியாகிப் போவதால் சற்றுக் கூடவும் செய்யும். அப்படிப்பட்ட இடங்களில் நீங்கள் குடிப்பதற்கென வாங்கும் தண்ணீரிலிருந்து ஒரு கோப்பை எடுத்துக் கிளிக்கு வைத்தால் என்ன? அது குடிப்பது ஒரு கரண்டிதானே! கொதித்தாறிய நீரைக் கைவிரல் பொறுக்கும் சூடு என்று அவசரப்பட்டு வைக்காமல், முழுதாக ஆறிய பிறகே வையுங்கள்.

கிண்ணம் சில்வராகவோ பீங்கானாகவோ இருக்கட்டும். யோகட் கோப்பையும் மார்ஜரின் பெட்டியும் வேண்டாம். கிளி அவற்றைக் கடித்துக் கீறும். கீறலுக்குள் அழுக்குத் தங்கும். தும்பு அங்கே எட்டாது. வெட்டிய பால்மாப் பேணி துருப்பிடிக்கும், அலகையும் கிழிக்கும். நாகம் பூசிய தகரப் பாத்திரம் இவற்றிலும் மோசம். அந்தப் பூச்சைக் கிளி சுரண்டி விழுங்கினால் நஞ்சாகும். பீங்கானில் வெடிப்போ, பூச்சு உதிர்ந்த இடமோ இருந்தால் அதையும் ஒதுக்கிவிடுங்கள். கிண்ணத்தைத் தடிக்கு நேர்கீழே கட்டாமல் பக்கவாட்டில், வெயில் விழாத இடத்தில் பொருத்துங்கள். குளிப்பதற்கு வேறொரு தட்டையான பாத்திரத்தில் கொஞ்ச நேரம் தண்ணீர் வைத்து எடுத்துவிட்டால் குடிதண்ணீரில் இறங்கிக் கூத்தடிப்பது குறையும்.

குமிழ்முனை வைத்த தண்ணீர்ப் போத்தல்கள் கடைகளில் கிடைக்கின்றன. எச்சம் விழாது என்பது பெரிய நன்மை. ஆனால் முனையிலுள்ள குண்டு இறுகிவிட்டால் போத்தல் நிறையத் தண்ணீர் இருக்கும். கிளி தாகத்தில் கிடக்கும். தினமும் விரலால் தட்டித் துளி வருகிறதா என்று பாருங்கள். போத்தலின் உள்ளேயும் அந்த வழுவழுப் படலம் பிடிக்கும். அதற்குத் தனித் தூரிகை வேண்டும். கிளி போத்தலில் குடிப்பதை உங்கள் கண்ணால் காணும்வரை பழைய கிண்ணத்தை எடுத்துவிடாதீர்கள்.

தண்ணீரில் விட்டமின் துளி கலக்கும் வழக்கத்தை நான் ஆதரிப்பதில்லை. வெளிச்சத்திலும் தண்ணீரிலும் விட்டமின்கள் சீக்கிரம் சிதைந்துபோகும். அதில் இருக்கும் இனிப்போ கிருமிக்கு விருந்து. வாடை பிடிக்காமல் கிளி குடிப்பதையே நிறுத்திக்கொள்வதும் உண்டு. சத்து வேண்டுமானால் கெரட்டும் கீரையும் கொடுக்கலாம். மிருக வைத்தியர் மருந்தைத் தண்ணீரில் கலக்கச் சொன்னால் அது வேறு விடயம்.

பெருநாளைக்கு ஊருக்குப் போகும்போது பெரிய சட்டியில் மூன்று நாளைக்குத் தண்ணீர் வைத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். முதல்நாள் மாலையிலேயே அதில் உமி மிதக்கும். மூன்றாம் நாள் வாடை அடிக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளையொன்றிடம் சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லும்போது, ஒருமுறை கழுவி ஊற்றிக் காட்டியும் கொடுங்கள். பிள்ளைகள் பார்த்துச் செய்வார்கள்.

உங்கள் கிளி வழமையாக எவ்வளவு குடிக்கிறது என்பதையும் ஒருமுறை அறிந்து வைத்திருப்பது நல்லது. ஒரே அளவான இரண்டு கிண்ணங்களில் சம அளவு தண்ணீர் ஊற்றி, ஒன்றைக் கூட்டுக்குள்ளும் மற்றதைக் கூட்டுக்கு வெளியே கிளிக்கு எட்டாமலும் வையுங்கள். மறுநாள் அளந்து பார்த்தால், வெளியே குறைந்தது காற்றில் போனது. உள்ளே அதற்குமேல் குறைந்தது கிளி குடித்ததும் சிந்தியதும். பழமும் வெப்பமும் கூடாமலே திடீரென்று இது இரண்டு மடங்கானாலோ, எச்சத்தில் வெறும் தண்ணீரே அதிகமாகத் தெரிந்தாலோ மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். சிறுநீரகக் கோளாறும் நீரிழிவும் கிளிகளுக்கும் வரும். கூட்டின் அடியில் அன்றைக்கு விரித்த காகிதத்தையும் அப்படியே எடுத்துக்கொண்டு போங்கள்; எச்சத்தைப் பார்த்து வைத்தியர் அறிந்துகொள்வது நிறைய.