உறுதி என்னும் ஒரு சொல் போதாது

கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக் இன்று புதுமைப் பொருளன்று. மின்சாரத் துளைக்கருவியின் உறை, மோட்டார் வண்டியின் ரேடியேட்டர்த் தொட்டி, மின்சுவிட்சுகளின் உடற்பகுதி ஆகியன பல இடங்களில் இப்பொருளாலேயே ஆக்கப்படுகின்றன. இதனை விளக்க நேருங்கால், “கண்ணாடி இழை சேர்த்தால் பிளாஸ்டிக் உறுதி பெறும்” என்று ஒரே வாக்கியத்தில் சொல்லி அமைந்துவிடுகிறோம். இவ்வாக்கியம் பாதி உண்மையே. மறுபாதியை இது மறைக்கின்றது என்பது என் கருத்து.

நைலான் 66 என்னும் பொருளை எடுத்துக்கொள்வோம். உலர்ந்த நிலையில் அதன் மீட்சிக் குணகம் ஏறத்தாழ 3 கிகாபாஸ்கல். இழுவலிமை ஏறத்தாழ 80 மெகாபாஸ்கல். எடையில் 30 சதவீதம் குறுங்கண்ணாடி இழை கலந்தால் முன்னது ஏறத்தாழ 10 கிகாபாஸ்கலாகவும், பின்னது ஏறத்தாழ 180 மெகாபாஸ்கலாகவும் உயர்கின்றன. அதாவது, விறைப்பு மும்மடங்கிற்கு மேலாகின்றது. வலிமையோ இருமடங்கை ஒட்டியே நிற்கின்றது. ஆனால் முறியுமுன் நீளும் அளவு பல பத்துச் சதவீதத்திலிருந்து 3 சதவீத அளவிற்குச் சுருங்கிவிடுகின்றது. வளைந்து கொடுத்து முன்னறிவிப்புத் தந்த பொருள், இப்போது எச்சரிக்கையின்றி முறியும் பொருளாகின்றது. இவை மூன்றையும் “உறுதி” என்னும் ஒரு சொல்லுக்குள் அடக்குதல் எங்ஙனம் பொருந்தும்?

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் இழையின் நீளத்தில் இருக்கின்றது. தேங்காய் நார்க் கயிற்றை நோக்குக. அதிலுள்ள ஒவ்வொரு நாரும் குறுகியதே. எனினும் அண்டை நார்களோடு உராய்ந்து பற்றுவதால் கயிறு பாரம் தாங்குகின்றது. நார் மிகக் குறுகிவிட்டால் அறுவதற்கு முன்பே உருவிக்கொள்ளும். பிளாஸ்டிக்கினுள் கிடக்கும் கண்ணாடி இழையும் அவ்வாறே தன் பக்கப்பரப்பின் வழியாகவே பாரத்தைப் பெறுகின்றது. 1952இல் காக்ஸ் என்பாரும், 1965இல் கெல்லி, டைசன் ஆகியோரும் இதனைக் கணித முறையில் விளக்கினர். இழையின் வலிமை 2,000 மெகாபாஸ்கல், விட்டம் 10 மைக்ரான், பிளாஸ்டிக்குடன் அதன் பற்றுவலிமை 40 மெகாபாஸ்கல் எனக் கொண்டால், முழுப் பாரத்தையும் ஏற்க இழை குறைந்தது 0.25 மில்லிமீட்டர் நீளம் இருத்தல் வேண்டும். வார்ப்பு எந்திரத்தின் திருகிலும் குறுகிய வழிகளிலும் இழைகள் ஒடிந்து, முடிந்த பொருளில் பெரும்பாலும் 0.2 முதல் 0.4 மில்லிமீட்டர் வரையே எஞ்சுகின்றன. ஆகவே அவற்றுள் பல எல்லைக்கோட்டிலேயே நிற்பன. பழைய வார்ப்புகளை அரைத்து மீண்டும் வார்த்தால் நீளம் மேலும் குறையும். கலவையில் கண்ணாடியின் எடை மாறாது. வலிமை மட்டும் மாறிவிடும்.

திசையும் கருதத்தக்கது. உருகிய பிளாஸ்டிக் அச்சினுள் பாயும்போது, மேற்பரப்பை ஒட்டிய இழைகள் பாய்ச்சலின் போக்கில் அணிவகுக்கின்றன. நடுப்பகுதியில் குறுக்காகத் திரும்புகின்றன. விவரத்தாளில் அச்சிடப்படும் எண்கள் பொதுவாக இழைகள் நெடுக்காக அமைந்த சோதனைத் துண்டினின்று பெறப்பட்டவை. குறுக்குத் திசையில் அவ்வலிமையை எதிர்பார்த்தல் தவறு. இரு பாய்ச்சல்கள் சந்திக்கும் இணைப்புக் கோட்டில் இழைகள் அக்கோட்டைக் கடந்து செல்வதில்லை. அவ்விடத்தில் வலிமை பாதிக்கும் கீழே இறங்குதல் உண்டு. திருகுத் துளையின் ஓரத்தில் உறைகள் வெடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நைலான் ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. ஈரம் ஏறிய பின் விறைப்பு குறையும் என்பதையும் மறத்தலாகாது.

மாணவர்க்கு இத்தனை நுட்பம் எதற்கு என்று ஆசிரியர்கள் வினவலாம். எண்கள் வேண்டாம், சொற்களையேனும் பிரித்துத் தருவோம். பாரத்திற்கு வளையாமை விறைப்பு. முறியாமல் தாங்கும் எல்லை வலிமை. மோதலின் ஆற்றலை ஏற்று நிற்றல் அடி தாங்கும் தன்மை. ஒன்று உயர்ந்தால் மற்றவையும் உயரும் என்னும் நியதி இல்லை என்பதை இளமையிலேயே உணர்த்துதல் நலம். 1961இல் மைய அரசு அறிவியல், தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையத்தை நிறுவியது ஒரு கருத்திற்கு ஒரு சொல் நிலைபெறவேண்டும் என்பதற்காகவே. மொழிபெயர்ப்போர் அப்பொறுப்பை இவ்விடத்தும் ஏற்றாக வேண்டும்.

களப்பணியாளர்க்கு நான் சொல்ல விழைவது இது. “30 சதவீதம் கண்ணாடி” என்னும் குறிப்பை மட்டும் கண்டு பொருளை ஏற்கற்க. இழை எத்திசையில் கிடக்கின்றது, இணைப்புக் கோடு எங்கே விழுகின்றது, அரைத்த பழம்பொருள் எவ்வளவு கலந்துள்ளது, எந்த ஈரநிலையில் சோதித்தனர் என்னும் நான்கு வினாக்களையும் கேட்டறிக. விடை கிட்டாத இடத்தில், பாரம் தாங்கும் உறுப்பாக அதனைப் பயன்படுத்தாதிருத்தலே அறிவுடைமை.