பரிசும் பதவியும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஏலமலைச் சரிவுகளில் விளையும் காய், போடிமெட்டின் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிநாயக்கனூருக்கு இறங்கி வருகிறது. தோட்டங்களுள் பெரும்பாலானவை கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் உள்ளன. அவற்றில் காயெடுக்கும் பெண்களுள் பலர் தேனி மாவட்டச் சிற்றூர்களிலிருந்து விடியற்காலையில் ஜீப் ஏறி மலைக்குச் செல்பவர்கள். உலர்த்தித் தரம் பிரித்த காய், நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மின்னணு ஏலத்திற்கு வருகிறது. ஏலம் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. ஒன்று நம் மலையின் செடி. மற்றொன்று போர்த்துக்கீசியர் வழி வந்த விற்பனைமுறை. போடியில் இரண்டும் ஒரே கூரையின்கீழ்ச் சந்திக்கின்றன.

அக்கூரையின்கீழ் எழும் விலையை மழையும் விளைச்சலும் மட்டும் தீர்மானிப்பதில்லை. வளைகுடா நாடுகளில் காபியில் ஏலம் இட்டுப் பருகும் வழக்கம் அதை உயர்த்துகிறது. குவாத்தமாலாவின் விளைச்சல் அதைத் தாழ்த்துகிறது. பூச்சிக்கொல்லி எச்சத்தைக் காரணம் காட்டி 2018இல் சவூதி அரேபியா இந்திய ஏலக்காயின் இறக்குமதியைத் தடுத்தது. இத்தகைய தடையை நீக்கும் பேச்சைத் தோட்டக்காரர் நடத்த இயலாது. இறக்குமதி வரி எவ்வளவு, எந்த நாட்டுடன் எத்தகைய வணிக உடன்பாடு என்பனவற்றையும் அவர் முடிவு செய்ய இயலாது. அவர் சார்பில் அரசு பேசுகிறது. அரசின் சார்பில் சில மனிதர்கள் பேசுகிறார்கள். அந்த மனிதர்கள் மேசையின் எதிர்ப்புறம் அமர்ந்திருக்கும் அரசிடமிருந்து தமக்கென ஏதேனும் பெற்றிருந்தால், பேச்சு யாருக்காக நடக்கிறது? விற்பவரின் சரக்கை ஏலத்திற்கு வைக்கும் நிறுவனம், வாங்குபவரிடம் மறைவாகப் பணம் பெற்றிருந்தால் என்ன நேருமோ அதுவே இங்கும் நேரும். இழந்ததை அறியாமலேயே தோட்டக்காரர் வீடு திரும்புவார்.

நம் அரசமைப்பை வகுத்தவர்கள் இதனை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். பட்டங்களை ஒழிக்கும் 18ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு, அரசின்கீழ் ஆதாயம் தரும் பதவியையோ நம்பிக்கைக்குரிய பதவியையோ வகிக்கும் எவரும், குடியரசுத் தலைவரின் இசைவின்றி, எந்த அயல்நாட்டு அரசிடமிருந்தும் பரிசையோ ஊதியத்தையோ பதவியையோ ஏற்கலாகாது என்கிறது. அயல்நாட்டு அரசுக்குப் பற்றுறுதி காட்டுபவர் நாடாளுமன்ற உறுப்பினராக இருக்க இயலாது என 102ஆம் பிரிவும், சட்டமன்ற உறுப்பினராக இருக்க இயலாது என 191ஆம் பிரிவும் கூறுகின்றன. 18ஆம் பிரிவு சமத்துவ உரிமையின் பகுதியில் இடம்பெற்றிருப்பது கவனிக்கத்தக்கது. ஆட்சியாளர் பிற அரசிடம் கைநீட்டாதிருப்பது குடிமக்களின் உரிமையைச் சேர்ந்தது என்று அதற்குப் பொருள் கொள்ளலாம்.

இத்தகைய விதி ஏன் வேண்டும் என்பதற்கு நம் மண்ணின் வரலாற்றிலேயே சான்று உள்ளது. பதினெட்டாம் நூற்றாண்டின் சென்னையில், கிழக்கிந்தியக் கும்பினியின் ஊழியர்களுக்கு ஆர்க்காட்டு நவாபு முகமது அலி வாலாஜா வேறொரு நாட்டின் ஆட்சியாளர். அவருடன் போர், அமைதி, வரி ஆகியவை குறித்துப் பேச வேண்டியவர்கள் அவர்கள். இந்திய மன்னர்களிடம் பரிசு பெறலாகாது என்று 1773ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டம் கும்பினி ஊழியர்களைத் தடுத்தது. ஆயினும் பரிசைத் தடுத்த சட்டம் கடனைத் தடுக்கவில்லை. ஊழியர்கள் நவாபுக்கு உயர்ந்த வட்டிக்குக் கடன் கொடுத்தார்கள். ஈடாக ஊர்களின் வருவாயை எழுதி வாங்கினார்கள்.

அவர்களுள் பெயர்பெற்றவர் பால் பென்ஃபீல்டு. 1773இல் கும்பினிப் படையின் துணையோடு நவாபு தஞ்சையைக் கைப்பற்றினார். அதை மராட்டிய மன்னர் துளஜாவிடமே திருப்பித் தருமாறு இலண்டனிலிருந்து ஆணை வந்தது. ஆளுநர் பிகட் பிரபு 1776இல் அவ்வாறே செய்தார். உடனே பென்ஃபீல்டு முன்வந்து, தஞ்சையின் வருவாயும் விளைச்சலும் தமக்கு ஈடாக உள்ளன என்று 2,30,000 பவுனுக்கும் மேற்பட்ட தொகையைக் கோரினார். ஆளுநரின் அவை முதலில் அதனை ஏற்கவில்லை. பின்னர்ப் பெரும்பான்மையினர் மனம் மாறினர். அவையினர் சிலரே நவாபுக்குக் கடன் கொடுத்தவர்கள் என்பதை நினைவிற்கொண்டால் அம்மாற்றம் வியப்பளிக்காது. எதிர்த்து நின்ற ஆளுநரை 1776 ஆகஸ்டில் சிறைப்பிடித்தார்கள். 1777 மே மாதத்தில் காவலிலேயே அவர் இறந்தார். காவிரிக்கரை உழவர் அறுத்த நெல், அவர்கள் பெயரையே அறியாத ஒருவரின் கடன் கணக்கில் ஈடாகியிருந்தது. நவாபின் கடன்களைப் பற்றி எட்மண்ட் பர்க் 1785இல் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் நெடிய உரை நிகழ்த்தினார். 1801இல் கர்நாடகத்தின் ஆட்சியே கும்பினியிடம் சென்றது.

அமெரிக்கர்கள் 1787இல் தம் அரசமைப்பில் இதையொத்த தடையை எழுதினார்கள். பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயி, விடைபெற்ற தூதர் பெஞ்சமின் பிராங்க்ளினுக்கு வைரங்கள் பதித்த தம் உருவப்படத்தை அளித்திருந்தார். அன்றைய காங்கிரசு இசைந்த பின்னரே அவர் அதை வைத்துக்கொண்டார். இருநூறு ஆண்டுகளுக்கும் மேலான பின், அதிபர் டொனால்டு டிரம்பின் விடுதிகளில் அயல்நாட்டு அரசுகளின் அலுவலர்கள் தங்கிச் செலுத்திய கட்டணம் அத்தடைக்குள் வருமா என்று வழக்குகள் எழுந்தன. பதவிக்காலம் முடிந்த நிலையில், 2021 சனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கேள்விக்கு விடை கூறாமலேயே வழக்குகளை முடித்துவைத்தது.

நம் நாட்டில் பரிசுப் பொருள்களுக்கு ஒழுங்கான முறை இருக்கிறது. அயல்நாட்டுப் பயணத்தில் பெற்ற பொருளை முப்பது நாளுக்குள் வெளியுறவு அமைச்சகத்தின் தோஷாகானா என்னும் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும். அதன் பட்டியலும் வெளியிடப்படுகிறது. சால்வைக்கும் வாளுக்கும் கைக்கடிகாரத்திற்கும் இது போதும். என் கவலை வேறு. சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் அயல்நாட்டு நிதி பெறுவதைத் தடுக்கும் 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், வழக்கமான வணிகத்தின்போது பெறும் தொகைக்கு விலக்கு அளிக்கிறது. தோட்டம் உடைய ஒருவர் அமைச்சராகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் குடும்பத்தின் ஏலக்காயை ஓர் அயல்நாட்டு அரசின் நிறுவனம் ஏல விலையைவிட மிகுந்த விலைக்கு வாங்குகிறது. அது வணிகமா, பரிசா? அதே வாரத்தில் அந்த நாட்டுடன் இறக்குமதி வரியைப் பற்றி அவர் பேசுகிறார். பென்ஃபீல்டு நுழைந்த வாயில் இங்கே இன்னும் திறந்திருக்கிறது.

இன்னொரு குறையும் உண்டு. 18ஆம் பிரிவு கேட்பது குடியரசுத் தலைவரின் இசைவு. 74ஆம் பிரிவின்படி அவர் அமைச்சரவையின் அறிவுரைப்படியே செயல்படுகிறார். ஆகவே அமைச்சர் ஒருவர் பெறும் பரிசுக்கு இசைவு தருபவர்கள் அவருடைய தோழர்களே. அமெரிக்காவில் அந்த இசைவு மக்கள் பிரதிநிதிகளின் மன்றத்திடம் உள்ளது. இதில் அவர்கள் ஏற்பாடே மேலானது என்பேன். மேலும், தடையை மீறினால் என்ன தண்டனை என்பதையும் நம் 18ஆம் பிரிவு கூறவில்லை.

இத்தனை கடுமை காட்டினால் தொழில் நடத்துவோர் எவரும் பொதுவாழ்வுக்கு வரமாட்டார்கள் என்று சிலர் கூறுவர். அது புறந்தள்ளத்தக்க வாதமன்று. போடியில் ஏல வணிகம் அறிந்த ஒருவர் சட்டமன்றத்திற்குச் சென்றால் அவ்வூருக்கு நன்மையே. அவர் தோட்டத்தை விற்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பதவியில் இருக்கும் காலத்தில் தாமும் தம் குடும்பத்தாரும் அயல்நாட்டு அரசுகளுடனும் அவற்றின் நிறுவனங்களுடனும் செய்த கொடுக்கல் வாங்கல்களை முப்பது நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும். அவையும் குடியரசுத் தலைவர் அளித்த இசைவுகளும் அவையின் மேசையில் வைக்கப்பட வேண்டும். இதற்கு அரசமைப்பைத் திருத்த வேண்டியதில்லை. நாடாளுமன்றம் இயற்றும் சாதாரணச் சட்டமே போதும். தோஷாகானாவில் சேரும் ஒரு கைக்கடிகாரத்தின் மதிப்பைக் குடிமக்கள் இன்று படித்தறிய முடிகிறது. அதனினும் பன்மடங்கு பெரிய ஒரு கொள்முதல் ஒப்பந்தத்தைப் பற்றியும் அவ்வாறே படித்தறியும் வாய்ப்பு அவர்களுக்கு வேண்டும்.