நன்றி வேறு, வாய்ப்பூட்டு வேறு

சென்ற வாரம் ஆரணி பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடையில் ஒரு வாக்குவாதம். பென்ஷன்காரர்கள் நாங்கள் நான்கைந்து பேர். எதிரே ஓர் இளம் ஆசிரியர், பழைய ஓய்வூதியம் கேட்டுப் போராட்டத்துக்குப் போய் வந்தவர். நம் நண்பர் பொரிந்து தள்ளினார். "சோறு போடுற அரசாங்கத்தை எதிர்த்தே கொடி பிடிக்கிறீங்களே, நன்றி வேணாமா தம்பி?" தம்பி பதில் பேசாமல் டீக்குக் காசு கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நானும் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கடனை இங்கே தீர்க்கிறேன்.

நண்பரே, நீங்களும் நானும் மாதா மாதம் வாங்கும் பென்ஷன் யாரோ போட்ட பிச்சை இல்லை. 1982 டிசம்பர் 17 அன்று நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத்தான் சொன்னது: ஓய்வூதியம் எஜமானின் தயவு அல்ல, உழைத்தவனின் உரிமை. அந்த நாளைத்தான் நாம் ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுகிறோம். வழக்குப் போட்ட நகாராவும் அரசாங்கத்தில் வேலை பார்த்தவர்தான். அவர் நன்றி கெட்டவரா? 2003 ஏப்ரல் 1 முதல் தமிழக அரசு வேலைக்கு வந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை என்று ஆக்கினார்கள். நமக்குக் கிடைத்ததைக் கேட்கும் பிள்ளைகளுக்கு மட்டும் நன்றிப் பாடம் எடுப்பது என்ன நியாயம்?

நம் ஊர்த் தறிவீடுகளில் இதே பேச்சு வேறு வேஷத்தில் வரும். முன்பணம் வாங்கிய நெசவாளி கூலியைக் கூட்டிக் கேட்டால், "கல்யாணத்துக்கு, காய்ச்சலுக்குக் கொடுத்தேனே, மறந்துட்டியா?" என்பார்கள். கொடுத்தது உண்மைதான். ஆனால் அந்த முதலாளியின் மாடிவீடு எழும்பியது யார் கை கால் ஓய்ந்ததால்? அதற்கு அவர் யாருக்கு நன்றி சொன்னார்?

நான் புதுவையில் பிரெஞ்சு வழியில் படித்தவன். 1962 ஆகஸ்ட் 16 அன்று ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த சித்தப்பா எழுதிக் கொடுத்தார். அப்பா கொடுக்கவில்லை. "தின்ன சோற்றுக்கு விசுவாசம் வேண்டாமா?" என்றார் சித்தப்பா. "பிறந்த மண்ணுக்கு வேண்டாமா?" என்றார் அப்பா. இரண்டு வருடம் பேச்சுவார்த்தை இல்லை. இருவருமே நல்லவர்கள். எட்டு மணி நேர வேலை பிரெஞ்சுக்காரன் தந்த கொடை என்று சித்தப்பா சொல்லும்போது மட்டும் அப்பா எழுந்து போய்விடுவார். 1936 ஜூலை 30 அன்று சவானா மில்லில் 12 தொழிலாளர்கள் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். மறு வருடம்தான் அந்தச் சட்டம் வந்தது.

இப்போது என் கதை. நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், இறந்துபோன கடைநிலை ஊழியரின் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியக் கோப்பு பதினான்கு மாதம் தூங்கியது. குறிப்பு எழுதி மேலே அனுப்பப் போனேன். "ஆபீஸ் மானத்தை வாங்காதே, உப்புத் தின்ன இடம்" என்றார் மேலதிகாரி. குறிப்பைக் கிழித்துப் போட்டேன். அந்த அம்மா வாரம் தவறாமல் வந்து வராந்தாவில் உட்கார்ந்திருப்பார். என்னைப் பார்த்துக் கும்பிடுவார். அதை விசுவாசம் என்று அன்று நினைத்தேன். அது பயம். விசுவாசம் என்று பெயர் வைத்துக்கொண்டால் பயம் கௌரவமாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

பிரெஞ்சில் நன்றிக்கு 'ரெகொனெசான்ஸ்' என்று ஒரு சொல் உண்டு. இன்னாரென்று அடையாளம் கண்டு ஏற்றுக்கொள்வதற்கும் அதே சொல்தான். வள்ளுவரும் அதிகாரத்துக்கு 'செய்ந்நன்றி அறிதல்' என்றுதான் தலைப்பு வைத்தார். அறிய வேண்டும். யார் செய்தார்கள், யார் முதுகில் ஏறி நின்று செய்தார்கள் என்பதையும் சேர்த்து அறிய வேண்டும்.

அரசு வேலை என் பிள்ளைகளைப் படிக்க வைத்தது. இந்த நாட்டைத் தவிர வேறு நாடு எனக்கு வேண்டாம். இரண்டுக்கும் சாகும்வரை நன்றி உண்டு. அதனாலேயே, தவறு கண்டால் சொல்வேன். அந்த ஆசிரியர் தம்பி மறுபடி டீக்கடைக்கு வந்தால், காசு நான் கொடுக்கிறேன். நண்பரே, நீங்களும் வாருங்கள்.