நோட்டீஸ் மலையேறி வரட்டும்: சூரியநெல்லித் தோட்டத்துக் கல்லூரி மாணவர்களின் கோரிக்கைச் சாசனம்

பெறுவோர்: கேரள அரசின் உயர்கல்வித் துறை, கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகம், இடுக்கி மாவட்ட நிர்வாகம், சின்னக்கானல் கிராமப் பஞ்சாயத்து, தோட்ட நிர்வாகங்கள். கடைசியில் தமிழ்நாடு அரசுக்கும் ஒரு பத்தி உண்டு.

பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் மலையில் எல்லாமே ஒரே நேரத்தில் வந்து நிற்கும். உறைபனியில் கருகிக் கிடந்த தேயிலை, கோடை மழை ஒன்று விழுந்ததும் தளிர்விடும். கொழுந்து அதிகம் என்பதால் அம்மாக்கள் வீடு திரும்ப இருட்டிவிடும். மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு வரி கேட்டு நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்கு லயம் ஆள் வருவார்கள். மூணாறு போகிற வழியில் ஜகரண்டா ஊதாவாகப் பூத்து நிற்க, அதன் அடியில் நின்று படம் எடுப்பவர்களின் வண்டிகளால் ரோடு அடைத்துக்கொள்ளும். இத்தனைக்கும் நடுவேதான் எங்களுக்குச் செமஸ்டர் தேர்வு, பல்கலைக்கழகக் கலைவிழாவான கலோல்சவம், உதவித்தொகைக் கெடு, அடுத்த ஆண்டுக்கான பாடத் தேர்வு எல்லாம். இவற்றில் எது எந்தத் தேதியில் என்பது எங்களுக்குத்தான் கடைசியாகத் தெரியவரும்.

எங்களில் ஒருத்திக்கு நடந்ததைச் சொல்கிறோம். தேர்வுக் கட்டணம் கட்ட வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்று அவள் கல்லூரிப் பலகையில் புதன்கிழமை மலையாளத்தில் ஓர் அரைத்தாள் ஒட்டினார்கள். புதன்கிழமை யானை ரோட்டில் நின்றதால் காலைப் பஸ் வரவில்லை. மறுநாள் அம்மாவுக்குக் காய்ச்சல், அதற்கு மறுநாளும் அதே. திங்கட்கிழமை போனபோது அபராதத்தோடு கட்டச் சொன்னார்கள். அபராதம் அவள் அம்மாவின் ஒரு நாள் கூலியைவிட அதிகம். யானை நிற்கிற செய்தி ஜீப் ஓட்டும் அண்ணன் ஒருவர் மூலம் காலை ஆறரைக்கே அவள் போனுக்கு வந்துவிட்டது. கட்டணக் கெடு வரவில்லை.

ஆகவே எங்கள் முதல் கோரிக்கை பணமோ கட்டடமோ கேட்பதில்லை. செய்தி வேண்டும். நேரத்தோடு வேண்டும், தமிழில் வேண்டும். தேர்வு அட்டவணை, கட்டணக் கெடு, உதவித்தொகை, விடுதி இடம், கலோல்சவப் பதிவு, வேலைவாய்ப்பு முகாம், பட்டப்படிப்பு ஒற்றைச்சாளரச் சேர்க்கை ஆகிய அனைத்தையும் ஒரே தாளில் தமிழில் அச்சிட்டு, மாசி முதல் ஆனி வரை மாதம் ஒருமுறை வெளியிட வேண்டும். அதைக் கல்லூரிப் பலகையோடு விட்டுவிடக் கூடாது. மஸ்டர் ஆபீஸ், கொழுந்து நிறுக்கும் கொட்டகை, ரேஷன் கடை, அக்ஷயா மையம் என எங்கள் வீட்டார் தினமும் கால் வைக்கும் இடங்களில் ஒட்ட வேண்டும். எங்கள் அம்மாக்களுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். தேதி தெரிந்தால் சீட்டுப் பணத்தைப் புரட்டி வைத்துக்கொள்வார்கள்.

இது சலுகை கேட்பதாக யாரும் நினைக்க வேண்டாம். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், இம்மாநிலத்துத் தமிழரும் கன்னடரும் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளின் உள்ளூர் அலுவலகங்களுக்கும் தம் மொழியில் எழுதலாம், பதிலும் அதே மொழியில் தரப்பட வேண்டும் என்கிறது. கேரள பி.எஸ்.சி. சில வேலைத் தேர்வுகளுக்குத் தமிழில் வினாத்தாள் தருகிறது. வேலைக்கான கேள்வியைத் தமிழில் கேட்க முடிகிற அரசுக்கு, கட்டணத் தேதியைத் தமிழில் சொல்வது பெரிய காரியமா?

எப்படிச் செய்வது என்று கேட்டால் வால்பாறையைப் பாருங்கள். அங்கே நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷனின் எம். ஆனந்தகுமாரும் அவருடைய குழுவினரும், எந்த எஸ்டேட்டில் யானை நிற்கிறது என்பதை உள்ளூர் கேபிள் டிவியில் ஓடும் எழுத்தாகவும், 2011 முதல் கைபேசிக் குறுஞ்செய்தியாகவும் சொல்லி வந்தார்கள். முக்கியமான முனைகளில் சிவப்பு விளக்கும் வைத்தார்கள். 2015-இல் அந்த வேலைக்கு விட்லி விருது கிடைத்தது. தோட்டத்து மக்களுக்கு, அவர்கள் மொழியில், அவர்கள் இருக்கும் இடத்துக்கே செய்தியைக் கொண்டுபோகலாம் என்று ஒரு யானைத் திட்டம் செய்து காட்டிவிட்டது. யானையாவது தினமும் இடம் மாறும். தேர்வுத் தேதி அப்படி மாறுவதில்லை (மாறுவதும் உண்டு, அது வேறு கதை).

இரண்டாவது கோரிக்கை சாதிச் சான்றிதழ் பற்றியது. கொஞ்சம் பொறுமையாகப் படிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

கேரள அரசின் இ-கிராண்ட்ஸ் உதவித்தொகைக்கும் கட்டண விலக்குக்கும் சாதிச் சான்றிதழ் வேண்டும். பட்டியல் சாதியைச் சேர்ந்த தோட்டத்துப் பிள்ளை அதை வாங்க வேண்டுமென்றால், 1950 ஆகஸ்டு 10-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஆணை வந்தபோதே தன் முன்னோர் இந்த மண்ணில் குடியிருந்தார்கள் என்று காட்ட வேண்டும். காட்டலாம்தான், எதைக் கொண்டு? தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது 1951-இல். பி.எஃப். சட்டம் 1952-இல். முதல் பொதுத்தேர்தல் நடந்தது 1951-52-இல். ஒரு கூலிக் குடும்பத்தின் தகரப்பெட்டியில் இருக்கக்கூடிய காகிதங்கள் எல்லாமே கேட்கிற தேதிக்குப் பிறகு பிறந்தவை. பட்டா இருந்ததில்லை, லயம் கம்பெனிக்குச் சொந்தம். தாத்தா பெயர் எழுதியிருக்கக்கூடிய ஒரே ஏடு தோட்டத்து ஆள்பதிவேடான செக்ரோல். அது கம்பெனி ஆபீஸ் பரணில் இருக்கலாம், கரையான் தின்றும் இருக்கலாம். அதைப் பார்க்க எங்களுக்கு அனுமதி இல்லை.

இந்தத் தேதி எம்.எல்.ஏ.க்களையே விட்டுவைக்கவில்லை. தேவிகுளம் சட்டமன்ற உறுப்பினர் அ. ராஜாவின் தேர்தல் செல்லாது என்று 2023 மார்ச்சில் கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்ததும், 2025 மே மாதம் உச்சநீதிமன்றம் அதை மாற்றி அவர் வெற்றியை உறுதிசெய்ததும் நாடறிந்த செய்தி. அவருடைய பாட்டன் பாட்டி எப்போது இங்கே வந்தார்கள் என்பதும் அந்தச் சாதித் தகுதி வழக்கில் அலசப்பட்டது. அவருக்கு வாதாட வழக்கறிஞர்கள் இருந்தார்கள். பதினெட்டு வயதில் வில்லேஜ் ஆபீஸ் வாசலில் நிற்கிற பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்?

எங்கள் கோரிக்கை: 1950-க்கு முந்தைய செக்ரோல், பிறப்பு இறப்பு ஏடு, தோட்டத்து ஆஸ்பத்திரிப் பதிவேடு ஆகியவற்றைத் தோட்ட நிர்வாகங்கள் வருவாய்த் துறைக்கு ஒப்படைக்க வேண்டும். துறை அவற்றைப் படமெடுத்துப் பொதுவில் வைக்க வேண்டும். ஏடு அழிந்துபோன தோட்டங்களில் நேரடி விசாரணையையும் பள்ளிக்கூடச் சேர்க்கை ஏட்டையும் கோயில் கணக்கையும் சான்றாக ஏற்க வேண்டும். விசாரணை முடியும்வரை மாணவரின் கட்டண விலக்கை நிறுத்தி வைக்கக் கூடாது. படிப்பு மூன்று வருடத்தில் முடிந்துவிடும், விசாரணை முடியுமா என்று தெரியாது.

மூன்றாவது, பஸ். சூரியநெல்லியிலிருந்து மூணாறு ஏறக்குறைய 25 கிலோமீட்டர். விடியற்காலை நாலு மணிக்குக் கொழுக்குமலையில் சூரியோதயம் பார்க்க ஜீப்புகள் வரிசையாக மேலே ஏறுகின்றன. ஒன்பதரை மணி வகுப்புக்குக் கீழே இறங்க எங்களுக்கு நம்பகமான வண்டி இல்லை. மாணவர்களுக்குக் குறைந்தபட்சக் கட்டணம் 1 ரூபாய் என்பதால் எங்களைக் கண்டாலே சில தனியார் பஸ்கள் நிற்பதில்லை. அவர்களுடைய டீசல் கணக்கும் எங்களுக்குப் புரிகிறது. அதனால்தான் கேட்கிறோம்: காலை ஏழரைக்கும் மாலை நாலரைக்கும் கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ் ஒன்று, தேர்வு நாட்களில் தவறாமல். 2019-லும் 2020-லும் மூணாறு போகும் கேப் ரோட்டில் மலை சரிந்து பாதை அடைபட்டது மறந்திருக்காது. அப்படிப் பாதை அடைபடும் நாட்களிலும், யானை மறித்த நாட்களிலும், வனத்துறையின் ஒரு வரிச் செய்தியை வருகைப்பதிவுக்கும் தேர்வுக்கும் போதுமான காரணமாகப் பல்கலைக்கழகம் ஏற்க வேண்டும். அரிக்கொம்பன் என்ற யானையை 2023 ஏப்ரல் 29-இல் சின்னக்கானலிலிருந்து கொண்டுபோனதோடு இந்த ஊரில் யானை தீர்ந்துவிட்டது என்று கோட்டயத்தில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மூணாறு அரசுக் கல்லூரிக்குச் சொந்த வளாகம் வேண்டும். தேவிகுளம் சாலையில் இருந்த பழைய வளாகத்தை 2018 ஆகஸ்டு மண்சரிவு கொண்டுபோனது. அதற்குப் பிறகு பொறியியல் கல்லூரிக் கட்டடத்தில் ஒண்டுக்குடித்தனம். தோட்டத்துப் பிள்ளைகள் வீட்டுக்குப் பக்கத்திலேயே தமிழ் இலக்கியத்தில் பட்டம் படிக்க முடிவது அந்தக் கல்லூரியால்தான். இரவல் இடத்தில் நூலகம் விரியாது, மேடை இருக்காது, பெண்கள் விடுதி கனவில்கூட வராது. அடிக்கல் நாட்டுவிழா அழைப்பிதழ் வேண்டாம், கட்டிமுடிக்கும் தேதியை எழுத்தில் தாருங்கள்.

வகுப்பறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பள்ளியில் தமிழ்வழியில் படித்துவிட்டு வருகிறோம். பாடப்புத்தகம் இங்கிலீஷில், விளக்கம் மலையாளத்தில், ராத்திரி லயத்தில் உட்கார்ந்து நாங்கள் யோசிப்பது தமிழில். மலையாளம் எங்களுக்குப் பேச வரும், சண்டை போடவும் வரும். மலையாளத்தில் நோட்ஸ் எடுக்கத்தான் கை திணறுகிறது. 2024 ஜூலையில் நான்காண்டுப் பட்டப்படிப்பு தொடங்கியபின் குழப்பம் கூடியிருக்கிறது. மூன்றாண்டோடு நிறுத்தினால் 133 கிரெடிட், நான்காண்டு ஆனர்ஸ் என்றால் 177, மேஜர் எது, மைனர் எது என்று முதல் செமஸ்டரிலேயே முடிவெடுக்கச் சொல்கிறார்கள். நான்காம் ஆண்டு என்பது எங்கள் வீட்டில் இன்னொரு வருடக் கூலி. ஆகவே சேர்க்கைக்கு முன்பே, வைகாசியில், சின்னக்கானலில் இரண்டு நாள் தமிழில் விளக்கக் கூட்டமும், முதல் செமஸ்டரில் இங்கிலீஷுக்கும் மலையாள எழுத்துக்கும் இணைப்பு வகுப்பும் வேண்டும்.

ஒரு நூலகமும் வேண்டும். கேரளத்தில் கட்டட வரியோடு நூலகத் தீர்வையாக ரூபாய்க்கு 5 பைசா வசூலிக்கிறார்கள். சூரியநெல்லிக் கடைவீதிக்காரர்களும் அதைக் கட்டுகிறார்கள். இடமலைக்குடியில் காட்டுக்கு நடுவே ஒரு முதுவர் பெரியவர் தன் தேநீர்க்கடையில் 160 புத்தகங்களை வைத்து நூலகம் நடத்தியதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியபோது நாடே வியந்தது. வியந்தவர்கள் எங்களுக்கும் ஓர் அறை தரலாம். தமிழ், மலையாளம், இங்கிலீஷ் நூல்கள், போட்டித்தேர்வுப் புத்தகங்கள், இரவு ஒன்பது வரை எரியும் விளக்கு. லயத்தில் ஓர் அறையில் ஆறு பேர் படுக்கிறோம். தேர்வுக் காலத்தில் படிக்க இடம் இல்லாமல் கோயில் திண்ணைக்குப் போனால் அங்கே திருவிழா மைக்.

சிக்னல் வேண்டும் என்று சொன்னால் பிள்ளைகள் சினிமா பார்க்கக் கேட்கிறார்கள் என்று சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். 2020 ஆகஸ்டு 6 இரவு பெட்டிமுடியில் மண்சரிவில் லயங்கள் மண்ணோடு போயின. 70 பேர் பலியானார்கள், அவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் உண்டு. மின்சாரம் இல்லாமல் தொலைபேசித் தொடர்பு அற்றுக் கிடந்ததால் வெளியுலகுக்குச் சேதி போகவே விடிய வேண்டியிருந்தது. 2023 ஜூன் 5-இல் தொடங்கிய கேரள அரசின் இணையத் திட்டமான கே-ஃபோன், 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணையம் என்ற வாக்கோடு வந்தது. அந்தக் கணக்கில் லயங்களையும் சேருங்கள்.

கலோல்சவத்துக்கு மூணாறிலிருந்தே ஐந்து மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டியிருக்கிறது. பயணப்படியும், பெண்களோடு வர ஓர் ஆசிரியையும் வேண்டும். பள்ளிக் கலோல்சவத்தில் தமிழ்ச் செய்யுள் சொல்லிப் பரிசு வாங்கியவர்கள் எங்களில் உண்டு. கல்லூரிக்கு வந்ததும் அவர்கள் பார்வையாளர் ஆகிவிடுகிறார்கள்.

தமிழ்நாடு அரசுக்கு: எங்களில் பலர் போடிமெட்டு இறங்கிப் போடியிலும் தேனியிலும் மதுரையிலும் படிக்கிறார்கள். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்க, 6 முதல் 12 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்திருக்க வேண்டும். நாங்கள் படித்ததும் அரசுப் பள்ளிதான், தமிழ்வழிதான், மலைக்கு இந்தப் பக்கம் இருந்தது என்பதுதான் குற்றம். சட்டசபையில் எங்களைத் தொப்புள்கொடி உறவு என்று பேசுவதைக் கேட்டிருக்கிறோம். கேரள அரசின் தமிழ்வழிப் பள்ளிகளில் படித்துவிட்டுத் தமிழ்நாட்டுக் கல்லூரியில் சேரும் பெண்களையும், தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் ஆண்களையும் சேர்த்து ஓர் அரசாணை போட்டால் அந்தப் பேச்சை நம்புவோம்.

இவ்வளவும் கிடைக்குமா என்று எங்கள் வீடுகளிலேயே கேட்கிறார்கள். 2015 செப்டம்பரில் மூணாறு ரோட்டில் உட்கார்ந்த பெம்பிளை ஒருமை இயக்கத் தோட்டத் தொழிலாளிப் பெண்கள் 20 சதவீத போனஸ் கேட்டார்கள், கிடைத்தது. 232 ரூபாய்க் கூலியை 500 ஆக்கக் கேட்டார்கள், 301 ஆனது. கேட்காமல் இருந்தவர்களுக்கு அந்த 301-ம் தானாக வந்திருக்காது.

இந்தச் சாசனத்தைத் தமிழில் எழுதியிருக்கிறோம். மொழிபெயர்ப்பு இணைக்கவில்லை. அடுத்த கல்வியாண்டுச் சேர்க்கை தொடங்குமுன் உங்கள் பதில் வரவேண்டும், 1969 சட்டம் சொல்கிறபடி தமிழில் வரவேண்டும். வந்ததும் அதை மஸ்டர் ஆபீஸ் சுவரில் நாங்களே ஒட்டிக்கொள்கிறோம்.