'ஒய்' அழுத்தியவன் சொல்கிறேன்

2019இல் என் மடிக்கணினியிலிருந்து பைத்தானை நீக்கினேன். உபுண்டு 18.04. அதோடு வந்த பைத்தான் 3.6 பழசாம். "அதை எதுக்குடா வெச்சிருக்க, தூக்கிட்டுப் புதுசு போடு" என்றான் அறைத் தோழன். 'சூடோ ஆப்ட் ரிமூவ் பைத்தான்3' என்று அடித்தேன். நீக்கப்போகும் பொதிகளின் பெயர்கள் திரை கொள்ளாமல் ஓடின. கடைசியில் ஒரு கேள்வி: தொடரலாமா? 'ஒய்' அழுத்தினேன். மறுபடி இயக்கியபோது டெஸ்க்டாப் இல்லை, கறுப்புத் திரையில் ஒரு கர்சர் மட்டும். ப்ராஜெக்ட் ஒப்படைக்க இரண்டு நாள்தான் இருந்தது.

"லிஸ்ட்டைப் படிக்கலையா?" என்று சீனியர் கேட்டார். அந்தக் கேள்வியின் மேல் எனக்கு வருஷக்கணக்கில் கோபம். இப்போது இல்லை. ஆப்ட் என்னிடம் எதையும் மறைக்கவில்லை. யார் யாரை நம்பி நிற்கிறார்கள் என்ற கணக்கு அதனிடம் இருந்தது. அதை முழுசாக என் முன்னால் விரித்துவைத்து அனுமதியும் கேட்டது. படிக்காதது நான்.

என் சண்டை பிப்போடு. இன்னும் சரியாகச் சொன்னால், பிப்பைக் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைப்பவர்களோடு. 'பிப் இன்ஸ்டால் ரிக்வெஸ்ட்ஸ்' என்று அடித்துப் பாருங்கள். யூஆர்எல்லிப்3, செர்ட்டிஃபி, ஐடிஎன்ஏ, சார்செட்-நார்மலைசர் என நாலு பேர் கூடவே வருவார்கள். பிறகு ரிக்வெஸ்ட்ஸை நீக்குங்கள். அது மட்டும் போகும், நாலு பேரும் அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள். நாம் கேட்டு வந்தது எது, ஒட்டிக்கொண்டு வந்தது எது என்று ஆப்ட் குறித்துவைக்கிறது. 'ஆட்டோரிமூவ்' சொன்னால் யாருக்கும் தேவைப்படாததைப் பெருக்கித் தள்ளுகிறது. பிப் பெருக்காது. கல்யாணத்துக்கு வந்த சொந்தம் ஊருக்குப் போகவே இல்லை என்ற கதைதான்.

இதில் 'சூடோ' சேர்ந்தால் இன்னும் மோசம். சூடோ போட்டு பிப்பில் நிறுவியவை உபுண்டுவில் தனி அடைவில்தான் போய் விழுகின்றன. ஆனால் பைத்தான் நூலகங்களைத் தேடும்போது அந்த அடைவைத்தான் முதலில் பார்க்கும். ஆக, ஆப்ட் சோதித்துக் கொடுத்த நூலகம் பின்னால் ஒளிந்துகொள்ளும். நேற்று இறக்கிய புதுசு முன்னால் வந்து நிற்கும். பைத்தானில் எழுதப்பட்ட கணினியின் சொந்தக் கருவிகளும் அந்தப் புதுசைத்தான் எடுத்துக்கொள்ளும். நாம் தொடவே தொடாத ஏதோ ஒன்று அடுத்த வாரம் உடையும். அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது என்று யாருக்குத் தோன்றும்?

2023இல் வந்த டெபியன் 12 இதற்கு ஒரு தடை போட்டது. இந்தப் பைத்தான் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது, இதில் பிப்பால் கைவைக்காதே, தனிச் சூழல் உருவாக்கிக்கொள் என்று செய்தி வரும். உடனே புலம்பல் ஆரம்பித்தது. லினக்ஸ் நம் சுதந்திரத்தைப் பறிக்கிறதாம், டெபியன் கிழடு தட்டிவிட்டதாம். அதன் பொதிகள் பழையவை என்பது உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன். அதற்காகத்தானே வென்வ் இருக்கிறது? ஒரே வரி, சில விநாடிகள். அதற்குள் என்ன குப்பை வேண்டுமானாலும் கொட்டலாம். வேலை முடிந்ததும் அந்த அடைவை அழித்தால் கூட வந்தவர்களும் சேர்ந்தே போய்விடுவார்கள். பிப்புக்குத் தெரியாத நீக்கலை ஓர் அடைவு செய்துகொடுக்கிறது!

தடையைத் தாண்ட பிப்பில் ஒரு வழி உண்டு. அதன் பெயரே 'பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்'. கணினியின் பொதிகளை உடை என்று அர்த்தம். பெயர் வைத்தவருக்கு நம்மை நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஆனாலும் போதவில்லை.

போன வாரம் அதே அறைத் தோழன் கூப்பிட்டான். இதே செய்தி வருகிறதாம். வென்வ் பற்றி விளக்க ஆரம்பித்தேன். பாதியில் வெட்டினான்.

"விடுடா, அந்த பிரேக் போட்டுட்டேன். வேலை செய்யுது."