மாத்திரையை இடையில் நிறுத்தாதீர்கள்



"இருமல் நின்றுவிட்டதே, பிறகு ஏன் ஆறு மாதம் மாத்திரை?" ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு தாய் என்னிடம் கேட்டார். பலருக்கும் உள்ள சந்தேகம் இது.

கிருமிகளை விழுங்கி அழிக்கும் காவல் கலங்கள் நமது நுரையீரலில் உள்ளன. 1882இல் ரொபர்ட் கொக் கண்டறிந்த காசநோய்க் கிருமியோ, விழுங்கப்பட்ட பின்னும் கலத்தினுள்ளேயே ஒளிந்து பெருகக்கூடியது. தொற்றிய கலம் தானே அடங்கி மடிந்து கிருமியைக் கட்டுப்படுத்தப் பார்க்கும். கிருமி அதையும் தடுத்து, கலத்தை வெடிக்கச் செய்து அயற்கலங்களுக்குப் பரவும்.

பெரும்பாலானோரில் மற்றக் கலங்கள் சூழ்ந்து கிருமியைச் சிறைவைத்துவிடும். தொற்றியோரில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கே நோய் வருகிறது. போசாக்கின்மை, நீரிழிவு, புகைத்தல் ஆகியவை இந்தச் சிறையைத் தளர்த்தும்.

மருந்து தொடங்கியதும் வேகமாகப் பெருகும் கிருமிகள் முதலில் சாகும், இருமல் குறையும். ஒளிந்து உறங்கும் கிருமிகள் சாகத்தான் ஆறு மாதம். இடையில் நிறுத்தினால் அவை மருந்துக்கு அடங்காதவையாக எழலாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் அரசாங்க ஆஸ்பத்திரியில் சளியைக் காட்டுங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம். லயத்தில் பேசுவார்களே என்று மறைக்காதீர்கள். மறைத்தால் முதலில் தொற்றுவது அதே காம்பிராவில் உறங்கும் பிள்ளைகளுக்குத்தான்.