அரைக்கும் ஆலை யாருடையது?

ஒட்டுசுட்டான் சந்திக் கடைகளில் நாம் அடிக்கடி காணும் காட்சி இது. முத்தையன்கட்டுக் குளத்து நீரில் விளைந்த செத்தல் மிளகாயை ஒரு விவசாயி சாக்குடன் நிறுத்துக் கொடுக்கிறார். வீடு திரும்பும்போது அதே கடையில் மிளகாய்த்தூள் பைக்கற் ஒன்றை வாங்கிச் செல்கிறார். விற்றது கிலோக் கணக்கில். வாங்கியது கிராம் கணக்கில். விளைவித்தவரும் அவரே, உண்பவரும் அவரே. இடையில் அரைத்தவர் மட்டும் எங்கோ இருக்கிறார். அந்த இடைவெளியில்தான் உழைப்பின் பயன் கரைந்து போகிறது.

அரைக்கும் வேலை எமது மக்களுக்குப் புதியதல்ல. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் டீசல் இல்லாமல் வன்னியின் மில்கள் ஓய்ந்தபோது, உரலும் உலக்கையும் அம்மியும் திரிகையுமே குடும்பங்களைக் காத்தன. 1995 இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களும், 1998 டிசம்பரில் ஒட்டுசுட்டானை விட்டு ஓடியவர்களும் அவற்றையே நம்பியிருந்தனர். 2009இல் அவையும் கைவிடப்பட்டன. முகாமிலிருந்து திரும்பியவர்களுக்கு வெறும் வளவுதான் மிஞ்சியிருந்தது. 2022இல் எரிபொருளும் மின்சாரமும் இல்லாத நாட்களில் மில்கள் மீண்டும் மௌனமாயின. ஆகவே, அரைக்கும் வசதி என்பது எமக்கு ஆடம்பரமல்ல. உணவுப் பாதுகாப்பின் ஒரு பகுதி.

ஆயினும் ஓர் இயந்திரம் கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணுவது தவறு. இதனை நாம் பட்டறிந்தே சொல்கிறோம். மீள்குடியேற்றத்தின் பின் ஒரு கிராமத்திலே கணவனை இழந்த சகோதரி ஒருவருக்கு அரைவை இயந்திரம் வழங்கும்படி நாமே பரிந்துரை செய்தோம். வந்து சேர்ந்த மோட்டருக்கு திரீ பேஸ் மின்சாரம் தேவைப்பட்டது. அந்த ஊருக்கு வந்திருந்ததோ சிங்கிள் பேஸ். இரண்டு ஆண்டுகள் அந்த இயந்திரம் தறப்பாளின் கீழ் துருப்பிடித்தது. படம் எடுத்தவர்கள் திரும்பி வரவில்லை. அந்தச் சகோதரியிடம் முதலில் கேட்டிருந்தால் ஊரில் என்ன மின்சாரம் உண்டு என்று அவரே சொல்லியிருப்பார். கேட்காதது எமது குற்றம்.

எந்தப் பொருளுக்கு எந்த இயந்திரம் என்பதை முதலில் அறிய வேண்டும். சுழலும் சுத்தியல்கள் அடித்து நொறுக்கும் மில் செத்தல், மல்லி, சோளம் போன்ற காய்ந்த பொருட்களுக்கு உகந்தது. அதன் சல்லடைத் துளை எவ்வளவு சிறிதோ, தூள் அவ்வளவு நுண்மையாகும். இரண்டு தட்டுகள் உரசி அரைக்கும் மில் அரிசிக்கும் குரக்கனுக்கும் ஏற்றது. 1990 வரை இயங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை போன்ற இடங்களில், சுழலும் பெரும் உருளைக்குள் இரும்புக் குண்டுகள் புரண்டு கல் போன்ற கிளிங்கரைப் பொடியாக்கும். மூன்றும் அரைப்பதுதான், ஆனால் ஒன்றின் வேலையை மற்றது செய்யாது.

அடுத்து, தூளாக்கினால் என்ன நடக்கிறது என்பதையும் அறிய வேண்டும். ஒரு சென்ரிமீற்றர் பக்கமுள்ள கட்டி ஒன்றின் மேற்பரப்பு 6 சதுர சென்ரிமீற்றர். அதை ஒரு மில்லிமீற்றர்த் துண்டுகளாக்கினால் 1000 துண்டுகள். மேற்பரப்பு 60 சதுர சென்ரிமீற்றர். பத்து மடங்கு! அதனால்தான் தூள் விரைவில் கறியோடு சேர்கிறது. அதே காரணத்தால்தான் அது விரைவில் மணத்தை இழக்கிறது, ஈரத்தையும் இழுக்கிறது. ஆகவே செத்தலைச் செத்தலாகவே சேமியுங்கள். தேவைக்கு மட்டும் அரையுங்கள்.

ஈரமான பொருளை மில்லில் போடாதீர்கள். சல்லடை அடைபடும், தூளிலே பூஞ்சணம் பிடிக்கும். சில பூஞ்சணங்கள் உண்டாக்கும் அஃப்ளரொக்சின் என்ற நஞ்சு ஈரலைத் தாக்கும். சமைத்தாலும் அது முற்றாக அழியாது. காய வைத்த செத்தலை முறித்தால் சத்தத்துடன் முறிய வேண்டும்.

தூளுக்கு இன்னொரு குணமும் உண்டு: அது எதையும் மறைத்துவிடும். முழுச் செத்தலில் கலப்படம் செய்வது கடினம், தூளில் எளிது. 2020இல் மஞ்சள் இறக்குமதி தடைப்பட்டு விலை ஏறியபோது, மஞ்சள் தூளில் மாவைக் கலந்து விற்றதை நாடே அறியும். கண்முன்னே அரைபடும் தூளுக்கு மட்டுமே நாம் உத்தரவாதம் சொல்ல முடியும்.

எனவே எமது கருத்து இதுதான். ஆளுக்கொரு சிறு இயந்திரம் என்பதைவிட, ஊருக்கொரு நல்ல ஆலை மேலானது. கமக்கார அமைப்பும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமும் சேர்ந்து அதைப் பொறுப்பேற்கட்டும். வாங்குமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ஊரில் என்ன மின்சாரம் உண்டு? மாதம் எத்தனை கிலோ அரைக்க வரும்? உடைந்தால் உதிரிப்பாகம் முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ கிடைக்குமா?

“பொதுச் சொத்தை யார் பார்ப்பார்?” என்று சிலர் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. பாழாய்ப்போன பொதுச் சொத்துக்களை நாமும் கண்டிருக்கிறோம். அதற்கு வழியும் உண்டு. இயக்குபவருக்கு அரைத்த கிலோவுக்கு ஏற்பக் கூலி கொடுங்கள். கிடைக்கும் அரைகூலியில் ஒரு பங்கைத் திருத்த வேலைக்கென ஒதுக்குங்கள். வரவு செலவை ஆலைச் சுவரில் எல்லோரும் வாசிக்க எழுதி வையுங்கள். தூசி நெஞ்சைத் தாக்காதபடி தூள் வரும் வாயிலில் துணிப் பை கட்டுங்கள். இயக்குபவர் முகத்துக்கும் துணி வேண்டும்.

செத்தலையும் மல்லியையும் மிளகையும் பெருஞ்சீரகத்தையும் பதமாக வறுத்தெடுக்கும் கைப்பக்குவம் எமது பெண்களிடம் இருக்கிறது. எந்தக் கம்பனியாலும் அதை வாங்க முடியாது. பல இடப்பெயர்வுகளிலும் தொலையாமல் அவர்கள் சுமந்து வந்த சொத்து அது. வறுத்த கைகளே அரைக்கவும், பொதி செய்யவும், விலை சொல்லவும் வேண்டும். அடுத்த போக மிளகாய் காயுமுன் உங்கள் ஊர்க் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். எம்மையும் அழையுங்கள். இம்முறை முதலில் கேட்டுவிட்டே நாம் பேசுவோம்.